சைத்ரா கேட்ட அசேலியா

பிரபு,

முந்தாநாள் சாயங்காலம் சைத்ரா போன் செய்தாள். "அத்தே, உங்க அசேலியா வருஷத்துக்கு ரெண்டு தரம் பூக்குதே, அதுல நமக்குக் கொஞ்சம் கன்னு போட்டுத் தர்றீங்களா? இங்க வாசல்ல நிறைய ஜாகா இருக்கு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து உன் சத்தம். "அம்மா, அந்தச் செடி மட்டும் வேண்டாம். வீட்டுல நாய்க்குட்டி இருக்கு. நாளைக்குக் குழந்தைன்னு ஒண்ணு வரும். இவங்க வீட்டுல பட்டது போதாதா?" பிறகு நீங்கள் இரண்டு பேரும் கன்னடத்தில் வாதாட ஆரம்பித்துவிட்டீர்கள். போனைக் கையில் பிடித்திருப்பதையே அவள் மறந்துபோனாள். கல்யாணமான புதுசில் புருஷன் பெண்டாட்டி பேச்சை ஒட்டுக் கேட்பது அழகில்லை என்று நான்தான் வைத்தேன்.

அந்தப் பேச்சுக்கு என் பதில் இது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். பரவாயில்லை, மெதுவாகப் படி. சைத்ராவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது என்பதால் நீதான் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். உன்னைக் கண்டித்திருக்கும் இடங்களையும் விழுங்காமல் படி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடியை வையுங்கள். ஏன் என்பதற்குத்தான் இத்தனை பக்கம். அந்தச் செடியால் நம் தெருவில் நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ மங்களூரில் ஹாஸ்டலில் இருந்தாய்.

நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் நம் கடைக்குக் காபிக் கொட்டை கொண்டுவரும் குடகு வியாபாரி ஒரு தொட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. உன் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "வாசமும் இல்ல, சரம் தொடுக்கவும் ஆகாது, தொட்டா உதிருது. என்னத்துக்கு ஆகும் இது?" என்றார். "பாக்கறதுக்கு ஆகும்" என்றேன். நான் பிறந்து வளர்ந்த ராமாபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு செடி வைத்தால் அது சோளமோ, ராகியோ, அவரையோ, வயிற்றுக்கோ சந்தைக்கோ போவதாக இருக்க வேண்டும். வெறுமனே பார்ப்பதற்கென்று எனக்கு வாய்த்த முதல் செடி அதுதான். அடுத்த கோடை வருவதற்குள் செத்துப்போனது. இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, அப்புறம் நுனி கருகி. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் ஊற்றினேன். நம் போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், வாளியில் நான்கு நாள் நின்றால் வெள்ளையாகப் படியும். அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும், உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் அதற்கு ஆகாது. இதை அந்த வியாபாரிதான் அடுத்த முறை வந்தபோது சொன்னார். மொட்டை மாடியிலிருந்து மழைத் தண்ணீர் இறங்கும் குழாயின் அடியில் நான் நீல டிரம் வைத்தது அப்போதுதான். "இந்தம்மா மழையைப் புடிச்சு வெக்கிறாங்க" என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இரண்டாவது செடி பிழைத்தது.

ஆனால் அது வருஷத்தில் ஒரே தரம், தை மாசி வாக்கில் பூத்துவிட்டு மற்ற மாதமெல்லாம் வெறும் புதராக நின்றது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மடிக்கேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்துக்கு எதிரிலிருந்த நர்சரியில் ஐப்பசி மாதத்தில் அசேலியா பூத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு தரம் பூக்கிற சாதி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. நர்சரிக்காரர் ஊதா, வெள்ளை, பவழ நிறம் என்று மூன்று கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஆடு, மாடு, நாய் எதுவும் வாய் வைக்கக் கூடாதும்மா. இலை, பூ எல்லாமே விஷம்" என்றும் சொன்னார். வீட்டில் ஆடு மாடு இல்லையே என்று நானும் தலையாட்டினேன். முதல் வருஷம் ஐப்பசியில் ஒரு மொட்டுகூட இல்லை. ஆவணியில் செடி ஒழுங்கில்லாமல் வளர்ந்திருக்கிறதே என்று நானே கத்திரியை எடுத்து அழகாக வெட்டிவிட்டிருந்தேன், மொட்டு கட்டும் கொழுந்தையெல்லாம். அடுத்த வருஷம் முதல் பூ முடிந்த கையோடு, பங்குனியிலேயே லேசாக வெட்டிவிட்டு, அப்புறம் கத்திரியைத் தொடவே இல்லை. அந்தத் தசராவுக்கு, வீட்டுக்கு வீடு கொலு வைத்துத் தெருவே கலகலவென்று இருந்த நேரத்தில், மூன்று செடியும் ஒன்றாகப் பூத்தன. கொலு பார்க்க வந்தவர்கள் பொம்மையை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் முதல் ஆள் எதிர்வீட்டு மங்களம்மா. இன்றைக்கு உன் மாமியார். அன்றைக்கு எனக்குப் பால் ஊற்றும் சிநேகிதி. அவள் கன்னடத்தில் பேச, நான் தமிழும் கன்னடமும் கலந்து பதில் சொல்ல, எங்களுக்குள் ஒருநாளும் பாஷை இடறியதில்லை. "ஏனக்கா இது, காகிதத்துல பண்ணி ஒட்டி வெச்சிருக்கியா?" என்று தொட்டுப் பார்த்தாள். அடுத்த நாளே ஒரு கூடை சாணம் கொண்டுவந்து, "உன் பூவுக்குப் போடு" என்றாள். பச்சைச் சாணம் அசேலியாவின் வேரைப் பொசுக்கிவிடும். அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல மனசு வராமல் வாங்கிக் கருவேப்பிலை மரத்துக்குப் போட்டேன். அந்த மரம் காடாக வளர்ந்தது. "நம்ம கெம்பி சாணத்தோட மகிமை நோடு" என்பாள், பாரு என்று. கெம்பி அவர்கள் வீட்டுப் பசு. செம்மண் நிறம், சாந்தமான முகம். அவள் புருஷன் சிவண்ணா அதை மகளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார் என்று சொன்னால் உன் பெண்டாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளே சொன்னதுதான்.

அடுத்த வருஷம் பங்குனியில் ஒரு மத்தியானம். நானும் அப்பாவும் கடையில். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். எதிர்வீட்டில் கெம்பி கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. அப்போது அது சினை. தெருவெல்லாம் காய்ந்து கிடக்கையில் நம் வாசலில் மட்டும் பச்சை. நான் வீடு திரும்பும்போது எதிர்வீட்டு வாசலில் கூட்டம். கெம்பி கால் மடங்கிக் கிடந்தது, வாயெல்லாம் நுரை. மாட்டு டாக்டர் பெண் ஒருத்தி மண்டியிட்டு அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதயம் ரொம்ப மெதுவா அடிக்குது. என்ன தின்னுச்சு? யாராவது பாத்தீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பிளாஸ்டிக் பையைச் சொன்னாள், இன்னொருவர் பாம்பு என்றார். நான் திரும்பி நம் கேட்டைப் பார்த்தேன். திறந்து கிடந்தது. ஊதாச் செடி பாதி இல்லை.

பிரபு, இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன், கேள். கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு எனக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது, ஏனென்றால் அந்தப் பெண் இன்னொரு தரம் "என்ன தின்னுச்சு?" என்று கேட்டாள். கடிபட்ட கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு ஓடினேன். "இதைத்தான் தின்னிருக்கு. எங்க வாசல்ல இருக்கறது. விஷம்." அவள் இலையை வாங்கிப் பார்த்தாள். "அசேலியா. நல்லவேளை சொன்னீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். கரித்தூளைக் கரைத்துக் குழாய் வழியாக உள்ளே விட்டாள், ஊசி போட்டாள், கழுத்தில் டிரிப்ஸ் ஏற்றினாள். பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது சைத்ரா. கை மாற்றிக்கொள்ள யாரையும் விடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கெம்பி தலையைத் தூக்கியது. அதுவரை சிவண்ணா என்னைப் பார்க்கவில்லை. மாடு தலை தூக்கிய பிறகுதான் பார்த்தார். "தெரிஞ்சே வாசல்ல விஷத்த வளத்தீங்களாம்மா?" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கெம்பி பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. சில வாரம் கழித்துச் செத்தே விழுந்தது. இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். சிவண்ணா உறுதியாக இருந்தார். பால் நின்றது, பேச்சு நின்றது. மங்களம்மா என்னைப் பார்த்தால் துணி உலர்த்துவது போலத் திரும்பிக்கொள்வாள், கையில் துணியே இருக்காது. உன் அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். "வேரோட புடுங்கிப் போடறேன். ஒரு பூவுக்காக ஊர்ப் பகை வேண்டாம்." நான் குறுக்கே நின்றேன். "ஏனுங்க, அரளியும் விஷந்தான், ஊமத்தையும் விஷந்தான், கோயில் வாசல்லயே நிக்குது. செடிய வெட்டிட்டாக் கன்னு வந்துருமா? மாடு நுழையாதபடி பண்றதுதான் இப்ப செய்ய வேண்டியது. செடி இங்கதான் இருக்கும்." இடுப்புயரத்துக்கு இரும்பு வேலி போட்டேன். தெரு அதைத் திமிர் என்றது. இருக்கட்டும் என்று விட்டேன். தப்பு நடந்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டு மனசைச் சமாதானம் செய்துகொள்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது, உனக்கும் வேண்டாம்.

இப்போது உனக்குத் தெரியாத பாதி. வேலி போட்ட மறுநாள் காலேஜ் பையை மாட்டிக்கொண்டு சைத்ரா நம் கேட்டுக்கு வந்தாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு நேராக, எல்லாரும் பார்க்கத்தான் வந்தாள். "ஆன்ட்டி, வேலி மட்டும் போதாது, கேட்டுக்குத் தானா சாத்திக்கிற ஸ்பிரிங் போடுங்க" என்றாள். சரி என்றேன். "செடிய எடுக்கச் சொல்ல வந்தியோன்னு நெனச்சேன்" என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அப்பாகிட்ட நேத்து சொன்னேன். அவங்க கேட் திறந்திருந்தது நிஜம், நம்ம கயிறு இத்துப்போயிருந்ததும் நிஜம்னு. அந்தக் கயித்த மாத்தச் சொல்லி அம்மா எத்தனையோ தரம் சொல்லியாச்சு. நீங்க ஓடி வந்து சொல்லாட்டி கெம்பியும் போயிருக்கும். அப்பா என்னோட பேசறதில்ல இப்ப." சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். பெற்ற அப்பாவின் துக்கத்துக்கு நடுவிலும் இரண்டு பக்கத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்த பெண் அவள். வருஷங்கள் கழித்து நீ வந்து, "அம்மா, சைத்ராவக் கட்டிக்கணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது நான் ஏன் அதிர்ச்சியே அடையவில்லை என்று கேட்டாயே, இதனால்தான். பஸ்ஸில் பழகி அவளைக் கண்டுபிடித்தது நீதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு முன்னமே தெரியும்.

சிவண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்த வீட்டுக்கா?" என்றாராம், அதோடு சரி. ஆள் அனுப்பலாம், பெரிய மனுஷர் யாரையாவது வைத்துப் பேசலாம் என்றார் அப்பா. நான் செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தேன். எத்தனையோ நாளாகக் கடக்காத தெரு. மங்களம்மாதான் கதவைத் திறந்தாள். "பன்னி அக்கா" என்றாள், வாங்க என்று. அவ்வளவு நாள் கழித்து அந்த "அக்கா" திரும்பி வந்தது. சிவண்ணா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, கன்னுக்குட்டி போனது எனக்கும் துக்கந்தான். அத நான் கடைசி வரைக்கும் மறக்கப் போறதில்ல. இன்னைக்கு வந்தது பொண்ணு கேக்க."

அவர் ஜன்னல் வழியாக நம் வாசலைப் பார்த்தார். பிறகு, "செடிகள எடுத்துட்டாப் பொண்ணு தர்றேன்னு சொன்னா?" என்றார்.

எடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. உன் முகம் கண்முன் நின்றது. ஆனால் உள்ளறைக் கதவருகில் சைத்ரா நிற்பது தெரிந்தது, என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு. "உங்க பொண்ணு வந்து, எடுங்கத்தேன்னு சொன்னா அன்னைக்கே எடுத்துடறேன். அவ வீடு அது, அவ இஷ்டம். ஆனா பேரம் பேசி எடுக்க மாட்டேன். இன்னைக்குச் செடிக்காகப் பொண்ணு தந்தீங்கன்னா, நாளைக்கு வேற எதுக்காகவோ திருப்பிக் கூப்பிடத் தோணும்" என்றேன். சிவண்ணா மகளைப் பார்த்தார். அவள் கன்னடத்தில் மெல்லச் சொன்னாள்: "இருக்கட்டும் அப்பா. எனக்கு அந்தப் பூ பிடிக்கும்." மங்களம்மா சட்டென்று, "எனக்குந்தான் பிடிக்கும். எத்தனை தசரா ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னே பாக்கறது?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். சிவண்ணா எழுந்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். காபி வந்தது, குடித்தேன், வந்துவிட்டேன். என்ன ஆயிற்று என்று நீ போனில் துளைத்தாய். எனக்கே தெரியாது, என்ன சொல்வது?

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால் சிவண்ணா நம் வேலியடியில் குந்தி உட்கார்ந்திருக்கிறார், கையில் கட்டுக்கம்பி, பக்கத்தில் கம்பி வலைச் சுருள். "இந்த எடவெளியில கன்னுக்குட்டி தலை போகும்மா. மேல மட்டும் கட்டினா ஆச்சா?" என்றார், தலையைத் தூக்காமலே. அடிமட்டம் முழுக்கச் சுற்றி வலையைக் கட்டி, இழுத்து இழுத்துப் பார்த்தார். அப்பா காபி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வேலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், வேறு எதையும் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஜாதகம் பாக்கறவங்கன்னா பாருங்க. இல்லைன்னா நேரா முகூர்த்தமே பாருங்க" என்றார். உன் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான். மண்டபத்தில் மாலை மாற்றியது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அந்தக் காலைதான்.

ஆகவே, பிரபு, பயப்படுவதில் தப்பில்லை, பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடுவதுதான் தப்பு. வீட்டில் பினாயில் இருக்கிறது, ஸ்டவ் இருக்கிறது, குழந்தை வந்தபின்னும் இருக்கும். எட்டாத இடத்தில் வைத்துப் புழங்கத் தெரிய வேண்டும். செடியை முன் வாசலில் வைக்க வேண்டாம், அங்கே நாய்க்குட்டி ஓடும். நீ அனுப்பிய போட்டோவில் பக்கவாட்டில் ஒரு மேடு தெரிகிறதே, காலை வெயில் விழும் இடம், அதுதான் சரி. இரண்டாம் பூவுக்கு வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். அந்த ஊர் மழைக்கு மேடுதான் நல்லது, தண்ணீர் நின்றால் வேர் அழுகும். சிமென்ட் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், அதன் சுண்ணாம்பு மண்ணில் இறங்கும். உங்கள் ஊர் மண்ணே புளிப்பு. மக்கிய இலை போட்டால் போதும். சில்வர் ஓக் மரத்துச் சருகு அங்கே கொட்டிக் கிடக்கும், அதைச் செடியடியில் மண்ணை மூடுகிற மாதிரி மூடாக்காகப் பரப்புங்கள். யாராவது சாம்பல் போடு, முட்டை ஓடு போடு என்பார்கள். கேட்காதீர்கள். வேர் மேலாகவே ஓடும், அதனால் களை எடுக்கிறேன் என்று கொத்தாதே, கையால் பிடுங்கு. வெட்டுவது முதல் பூ முடிந்ததும், ஒரே தரம். வெட்டிய கிளையைக் குப்பையிலோ வேலிக்கு வெளியிலோ எறியாமல் குழியில் போட்டு மூடு. நாய்க்குட்டி என்றைக்காவது வாய் வைத்துவிட்டால், என்ன தின்றது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்.

எதை வைப்பது என்று சைத்ரா கேட்டாள். ஊதா ஒற்றை அடுக்குதான் கைவிடாத செடி. பாதி தின்னப்பட்டும் தழைத்து வந்தது. தவறாமல் இரண்டு தரம் பூக்கும், மழை விட்டதும் முதலில் மொட்டு விடுவது அதுதான். பவழ நிறம் குட்டையாகவே நிற்கும், தொட்டிக்கு ஏற்றது, ஜன்னல் மேடையில் உயரத்தில் வைக்கலாம். வெள்ளை அடுக்குப் பூ பார்க்க அழகு, ஆனால் மழைத்துளி பட்டால் பழுப்புப் புள்ளி விழும். மடிக்கேரி மழைக்கு அதைத் தாழ்வாரத்தின் ஓரமாக வைத்தால்தான் தேறும். நர்சரியில் புதிதாக வாங்குவதானால் பெயர்ச்சீட்டை நம்பாதீர்கள், மாறிப்போயிருக்கும். ஐப்பசியில் போய், பூவோடு நிற்பதைப் பார்த்து வாங்குங்கள். என்னிடம் பதியன் போட்ட கன்றுகள் வேர் பிடித்துத் தயாராக இருக்கின்றன. தாழ்ந்த கிளையை மண்ணில் அழுத்தி, மேலே கல்லை வைத்து, மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டால் தானாக வேர் விடும். இதையெல்லாம் சைத்ராவுக்கு நேரிலேயே செய்து காட்டுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். உன் மாமியாரும் கூட வருகிறாள். இப்போது என்னை "பீகித்தி" என்று சம்பந்தி முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரிக்கிறாள். பாதி வழியில் மறந்துபோய்ப் பழையபடி "அக்கா" ஆகிவிடும். கன்றுகளைத் தான்தான் மடியில் வைத்துக்கொண்டு வருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். நாங்கள் வந்து சேர்வதற்குள் இடத்தைத் தயார் செய்து வையுங்கள். எந்த இடம் என்று சைத்ரா சொல்லட்டும். குழியை நீ தோண்டு.

அம்மா